வேனா, ஷெட்டா, மேட்டுப்பாளையமா: நீலகிரியில் கார் பூச்சுத் தொழிலுக்கு எது பொருந்தும்?

கோயம்புத்தூரில் கார் கண்ணாடிகளுக்கு ஃபிலிம் ஒட்டுவதையும் பெயின்ட்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு இடுவதையும் பல ஆண்டுகள் செய்துவிட்டு, சொந்த ஊரான கோத்தகிரிக்குத் திரும்பியவன் நான். இதே தொழிலை மலையில் தொடங்க விரும்பும் இளைஞர்கள் அவ்வப்போது வந்து யோசனை கேட்கிறார்கள். ஏறத்தாழ எல்லாரும் ஒரே திட்டத்தோடுதான் வருகிறார்கள். பழைய ஆம்னி அல்லது ஈகோ வேன் ஒன்றை வாங்கி, அதில் தண்ணீர்த் தொட்டி, சிறு ஜெனரேட்டர், பாலிஷ் மெஷின், ஃபிலிம் ரோல் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு வாடிக்கையாளரின் வீட்டு வாசலுக்கே போய் வேலை செய்வது அந்தத் திட்டம். கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியதில்லை, மாத வாடகையும் இல்லை என்பது அதன் கவர்ச்சி. சமவெளியில் நன்றாக ஓடும் இந்தத் திட்டம் நீலகிரியில் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை, அதற்கு மாற்றாக உள்ள இரண்டு வழிகளோடு வைத்து இங்கே பார்க்கிறேன். ஒன்று, குன்னூரிலோ உதகையிலோ கதவு போட்ட ஷெட் ஒன்றை வாடகைக்கு எடுப்பது. மற்றொன்று, மலையை விட்டு இறங்கி மேட்டுப்பாளையத்தில் கடை போடுவது.

இம்மூன்றையும் எடைபோடுவதற்கு முன்னால், இங்கே கார் வைத்திருப்பவருக்கு என்ன குறை என்பதைச் சொல்லியாக வேண்டும். கோவையில் எதை விற்றோமோ அதையே இங்கும் விற்கலாம் என்று எண்ணுவதில்தான் பலருக்கும் கணக்குத் தவறுகிறது. அங்கே சன் ஃபிலிம் கேட்டு வருபவர் வெயிலுக்கு அஞ்சி வருகிறார். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் மே மாதத்தில்கூட அந்த அச்சம் யாருக்கும் இல்லை. நான் திரும்பி வந்த புதிதில், சுற்றுலா டாக்ஸி ஓட்டும் ஒருவரிடம் ஃபிலிமின் பயன்களை விரிவாக எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்கண்ணா, கண்ணாடி உள்பக்கம் ஆவி படியாம இருக்க ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றார். மழையும் மூடுபனியும் சேர்ந்த மாலையில், 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் ஏறுபவருக்கும் 36 வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் செல்பவருக்கும், முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிவதும் வெளிப்புறம் நீர் பரவி எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரிவதும்தான் தலையாய குறை. கண்ணாடிக்கு நீர் ஒட்டாப் பூச்சு இடுவது ஒரு மணி நேர வேலை, மூலப்பொருள் செலவும் சிறிது. ஆனால் இத்தொழிலைத் தொடங்குவோர் யாருடைய விலைப்பட்டியலிலும் அது முதல் வரியில் இருந்து நான் பார்த்ததில்லை.

பெயின்ட்டைப் பொறுத்தவரை இங்குள்ள கேடுகள் வேறு வகையானவை. தைல மரத்தின் அடியில் நிறுத்திய காரில் இலையும் பிசினும் ஈரத்தோடு ஒட்டி ஊறிக் கறை பிடிக்கும். ஜன்னல் ரப்பரின் ஓரத்தில் பச்சைப் பாசி படரும். எஸ்டேட் பாதைகளில் தேயிலைச் செடியும் உண்ணிச்செடியும் இருபுறமும் உரசி, கதவுகளில் நீளமான மெல்லிய கீறல்களை விடும். சரளை பெயர்ந்த சாலையில் முன்னே செல்லும் லாரி தெறிக்கவிடும் கல் பானட்டின் முனையைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும். இறக்கத்தில் ஓயாமல் பிரேக் பிடிப்பதால் சக்கரங்களில் கரும்பொடி சுட்டு ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் காயாத அடிப்பகுதி மெல்லத் துருப்பிடிக்கும். இவற்றோடு, குளிர்கிறதே என்று நாம் மறந்துவிடும் ஒன்றும் உண்டு: ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்திற்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. கடல் மட்டத்தில் விழுவதைவிட உதகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக அதிகம் விழுகிறது என்பதால், வெம்மையே இல்லாத வெயிலிலும் சிவப்புக் காரின் கூரை வெளுத்துப்போகிறது. (குரங்கு ஏறிக் குதித்து பானட் நசுங்குவதற்கு ஏதாவது பூச்சு உண்டா என்று குன்னூரில் கேட்காதவர் குறைவு. அதற்குப் பூச்சு இல்லை.)

இனி ஃபிலிமுக்கு வருவோம். இத்தொழிலின் பெயரிலேயே கண்ணாடி ஃபிலிம் இருப்பதால், அதன் சட்ட நிலையைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரோல்கூட வாங்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 100-ஆம் விதிப்படி, முன் பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடு ஒளியையும் பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடு ஒளியையும் ஊடுருவ விட வேண்டும். 2012 ஏப்ரல் 27-இல் அபிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த அளவு ஒளியை விடுவதாக இருந்தாலும் கண்ணாடியின் மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று தடை விதித்தது. பிறகு விதியே திருத்தப்பட்டு, பிளாஸ்டிக் படலம் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடிக்கும் இடமளிக்கும் சொற்கள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அந்தத் திருத்தத்தைச் சுட்டி, 70, 50 என்ற வரம்புக்குள் இருக்கும் ஃபிலிமை ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அதை மேற்கோளாக முன்வைக்கலாமே தவிர, சாலையில் கையை நீட்டி நிறுத்தும் அதிகாரி அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. நீலகிரிக்காரரின் காரோ மூன்று மாநிலங்களில் ஓடும் கார். காலையில் நாடுகாணி வழியாகக் கேரளத்திற்குள் போகும், மறுநாள் கக்கநல்லா வழியாகக் கர்நாடகத்திற்குள் போகும். எந்தச் சோதனைச் சாவடியில் எந்த விளக்கம் செல்லும் என்பதற்கு ஃபிலிம் ஒட்டியவர் உறுதி தர முடியாது.

வரம்புக்குள் ஒட்டுவோம் என்று முடிவெடுத்தாலும் கணக்கு அவ்வளவு எளிதன்று. கண்ணாடியும் ஃபிலிமும் தனித்தனியாக விடும் ஒளியைப் பெருக்கித்தான் மொத்தத்தைக் காண வேண்டும். கம்பெனியிலிருந்து வரும் பக்கக் கண்ணாடி 75 விழுக்காடு ஒளியை விடுவதாகக் கொண்டால், அதன் மேல் 70 விழுக்காட்டு ஃபிலிமை ஒட்டும்போது மொத்தம் 52.5 ஆகி, மயிரிழையில் வரம்புக்குள் நிற்கும். "50 என்றுதானே சட்டம் சொல்கிறது" என்று எண்ணி 50 விழுக்காட்டு ஃபிலிமை ஒட்டினால் மொத்தம் 37.5 ஆகிவிடும். முன்கண்ணாடியில் நிலைமை இன்னும் இறுக்கமானது. அதே 75 விழுக்காட்டுக் கண்ணாடியின் மேல், பார்வைக்கு நிறமே இல்லாத 90 விழுக்காட்டு ஃபிலிமை ஒட்டினாலும் 67.5 தான் வரும், அது விதிமீறல். ஆகவே ஒளி அளக்கும் மீட்டர் ஒன்று இல்லாமல் இவ்வேலையில் இறங்குவது பொறுப்பற்ற செயல். இருட்டாக வேண்டும் என்று கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பத் தயாராக இருப்பவருக்கு ஃபிலிம் வேலையில் மிஞ்சுவது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஏறக்குறைய நிறமற்ற ஃபிலிம் மட்டுமே. டேஷ்போர்டும் சீட்டும் வெளுக்காமல் இருக்க அது உண்மையில் உதவும். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விற்பதற்கு நிறையப் பேச வேண்டியிருக்கும்.

ஃபிலிமில் மலைக்கே உரிய மற்றொரு சிக்கல் ஈரம். சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஒட்டி, ஸ்குவீஜி என்னும் ரப்பர்ப் பட்டையால் வழித்தெடுத்த பிறகும் ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிறிது நீர் தங்கியே இருக்கும். அது படலத்தின் வழியாகவும் ஓரங்களின் வழியாகவும் ஆவியாகி வெளியேறினால்தான் பசை முழுதாகப் பிடிக்கும். கோவையில் மூன்று, நான்கு நாள் கண்ணாடியை இறக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புவோம். ஜூலை மாத உதகையில் அந்த நீர் வாரக்கணக்கில் உள்ளேயே கிடந்து, சிறு கொப்புளங்களாகவும் பால் நிறத் திட்டுகளாகவும் தெரிந்துகொண்டிருக்கும். வாடிக்கையாளர் அதை வேலைக் குறை என்றே நினைப்பார். டோல்கேட்டிலோ பார்க்கிங்கிலோ பழக்கத்தில் கண்ணாடியை இறக்கினால் ஃபிலிம் சுருண்டு வந்துவிடும். பிறகு நம் செலவில்தான் மறுபடி ஒட்டித் தர வேண்டியிருக்கும்.

அடுத்தது செராமிக் கோட்டிங், அதாவது பெயின்ட்டின் மேல் திரவமாகப் பூசித் துடைத்தெடுத்ததும் இறுகிப் பாதுகாக்கும் பூச்சு. மலையில் உண்மையிலேயே பயன் தரும் சரக்கு இது என்பது என் கருத்து. மரப்பிசினும் பறவை எச்சமும் பெயின்ட்டைத் தின்பதற்கு முன்னால் கழுவிவிட இது அவகாசம் தருகிறது. ஆனால் இதுதான் வானிலைக்கு மிகவும் அஞ்ச வேண்டிய வேலையும்கூட. இதைத் தயாரிப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் சூழல் 15 முதல் 25 டிகிரி வெப்பமும் நடுத்தரமான ஈரப்பதமும். பூசிய பிறகு குறைந்தது ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. நான் திரும்பி வந்த முதல் ஆண்டு அக்டோபரில், குன்னூரில் ஒரு வீட்டின் திறந்த போர்ட்டிகோவில் இரண்டு நாள் பாலிஷ் போட்டு முடித்த கறுப்புக் கார் ஒன்றுக்குப் பிற்பகல் பூச்சைத் தொடங்கினேன். மதியம் வரை நல்ல வெயில். மூன்று மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழும்பி, பத்தே நிமிடத்தில் போர்ட்டிகோவுக்குள் நுழைந்துவிட்டது. பாதி பானட்டில் துடைத்தெடுக்கும் பக்குவத்தில் இருந்த பூச்சு, புகை படிந்தாற்போல் மங்கி இறுகிப்போயிற்று. மறுநாள் அதை முழுவதும் பாலிஷ் போட்டு எடுத்து, வேறோர் இடத்திற்குக் காரைக் கொண்டுபோய் மறுபடி பூசிக் கொடுத்தேன். மூன்று நாள் கூலியும் ஒரு புட்டிப் பூச்சும் போனது. காரின் உரிமையாளர் நல்லவராக இருந்ததால் பெயர் மட்டும் போகவில்லை.

அன்று நடந்தது கைப்பிழையன்று, காற்றின் இயல்பு. காற்று 15 டிகிரியிலும் ஈரப்பதம் 85 விழுக்காட்டிலும் இருக்கும்போது பனிபடு நிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 12.5 டிகிரி. இரவெல்லாம் வெளியே நின்ற காரின் இரும்புத் தகடு அதற்குக் கீழே குளிர்ந்திருந்தால், துடைக்கத் துடைக்க அதன்மேல் நீர் படிந்துகொண்டே இருக்கும். எத்தனை மைக்ரோஃபைபர் துணி வைத்திருந்தாலும் பயனில்லை. ஆனால் அதே காற்றை ஒரு மூடிய அறைக்குள் வைத்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீரின் அளவு மாறாமலேயே ஈரப்பதம் 55 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஏழு டிகிரிச் சூடும் நான்கு சுவரும் ஒரு கதவும் கிடைத்தால், நவம்பர் மாதத்துக் குன்னூர் பூச்சு வேலைக்கு உகந்த ஊராகிவிடும். கதவில்லாத இடத்தில் எத்தனை ஹீட்டரை வைத்தாலும் இது நடக்காது. வேனுக்கும் ஷெட்டுக்கும் இடையிலான ஒப்பீட்டில் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கில் முடிந்துவிடுகிறது என்றே நான் கருதுகிறேன்.

பிபிஎஃப் எனப்படும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் தனி உலகம். 150 முதல் 200 மைக்ரான் தடிப்புள்ள இந்தப் பாலியூரித்தேன் படலம் 1.52 மீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் கொண்ட ரோலாக வருகிறது. முழுக் காருக்கு ஒட்டினால் ஏறக்குறைய ஒரு ரோல் தீர்ந்துவிடும், கை தேர்ந்த இருவருக்கு மூன்று நாள் பிடிக்கும். ஒட்டும்போது ஒரு தூசு உள்ளே சிக்கினாலும் வெளியே தெரியும் என்பதால், மரத்தடியிலோ போர்ட்டிகோவிலோ முழுக் காருக்கு இதைச் செய்யும் பேச்சுக்கே இடமில்லை. ஆயினும் துண்டுகளாக ஒட்டுவது வேறு. கதவு விளிம்பு, கைப்பிடிக் குழி, ஹெட்லைட், பம்பரின் மேல் விளிம்பு ஆகியவற்றுக்கு முன்கூட்டியே வெட்டிய துண்டுகளை, காற்றடங்கிய ஒரு மூடிய கார் ஷெட்டில் அரை நாளில் ஒட்டிவிடலாம். இதில் ஒரு சிறு கைமுறையைச் சொல்லிவிடுகிறேன். 15 டிகிரிக்குக் கீழே படலம் விறைத்துப் பசையும் சோம்பிக் கிடக்கும் என்பதால், தெளிக்கும் தண்ணீரை ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பாகக் கொண்டுபோக வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் வளைவுகளில் ஒட்டிய ஓரங்கள் மறுநாள் காலையில் எழும்பி நிற்கும்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு வேனைப் பார்ப்போம். அதன் முதல் சுமை தண்ணீர். 300 லிட்டர் என்றால் 300 கிலோ, அதை ஏற்றிக்கொண்டு ஏறும் ஒவ்வொரு வளைவிலும் பெட்ரோல் கரையும். குன்னூரும் உதகையும் கோடையில் குடிநீருக்கே திண்டாடும் ஊர்கள் என்பதால், வாடிக்கையாளர் வீட்டுக் குழாயை நம்பிப் போவதும் முறையன்று. பிரஷர் வாஷரை ஒதுக்கிவிட்டு, துணியால் துடைத்தெடுக்கும் கழுவல் முறையைப் பழகினால் ஒரு காருக்கு 15 லிட்டரே போதும். சேறு அப்பிய எஸ்டேட் ஜீப்புக்கு மட்டும் அது செல்லாது. இரண்டாவது சுமை மின்சாரம். பெட்ரோல் ஜெனரேட்டரின் திறன் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும். சமவெளியில் 2 கேவிஏ தரும் இயந்திரம் உதகையில் ஒன்றரைக்குச் சற்றுக் கூடுதலாகவே தரும். அதில் பாலிஷ் மெஷின் ஓடும், பூச்சை உலர்த்தும் அகச்சிவப்பு விளக்கையும் ஹீட்டரையும் சேர்த்தால் திணறும். மேலும் மூடிய ஷெட்டுக்குள் ஜெனரேட்டரை இயக்குவது உயிருக்கே ஆபத்து. இங்குள்ள வீடுகளில் கீசருக்காகப் போட்ட 15 ஆம்பியர் பிளக் ஒன்று குளியலறைப் பக்கம் பெரும்பாலும் இருக்கும். நீளமான, தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று ஜெனரேட்டரைவிட அதிகம் உதவும்.

மூன்றாவது சுமை நேரம், இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மழையில்லாத நாளிலும் திறந்த இடத்தில் தகடு காய்ந்து வேலைக்குத் தகுதியாகும் போது காலை பத்து மணி ஆகிவிடும், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மூடுபனியை நம்ப முடியாது. கையில் இருப்பது ஐந்து மணி நேரம். குன்னூரிலிருந்து உதகை 20 கிலோமீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், ஏப்ரல், மே சீசனில் அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு மணி நேரம் ஆகும் நாள்கள் உண்டு. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடும்போது, எங்கள் ஊர்க்காரர்களே கணக்குப் பார்த்துத்தான் வெளியே கிளம்புவோம். ஷெட்டில் இரண்டு நாளில் முடியும் பாலிஷ், கோட்டிங் வேலை, வேனில் போய்ச் செய்யும்போது நான்கு நாளாக நீளும். வாடகை மிச்சம் என்று சொன்னதில் பெரும்பகுதி இங்கே கரைந்துவிடுகிறது.

வேனுக்கு ஆதரவாகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும், அது சிறியதன்று. நீலகிரியில் மழை எல்லா ஊரிலும் ஒரே காலத்தில் பெய்வதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் பந்தலூரையும் அவலாஞ்சியையும் புரட்டி எடுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அதே மாதங்களில் கிழக்குச் சரிவிலிருக்கும் கோத்தகிரியிலும் குன்னூரின் கீழ்ப்பகுதிகளிலும் வெயில் எட்டிப் பார்க்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும்போது, மசினகுடிப் பக்கம் ஒப்பளவில் காய்ந்து கிடக்கும். சக்கரம் உள்ளவன் மழைக்கு மறுபக்கம் போகலாம், ஷெட் வைத்திருப்பவன் அங்கேயேதான் இருக்க வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, காலை உறைபனி விலகிய பிறகு, மாவட்டம் முழுவதுமே வேனுக்குத் திறந்திருக்கும். வேனைச் சரக்கு வாகனமாகப் பதிவு செய்து, தொட்டியையும் ஜெனரேட்டரையும் கழற்றி இறக்கக்கூடிய சுமையாக வைத்துக்கொள்வது நல்லது. உடலை வெட்டி மாற்றியமைத்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும்.

ஷெட்டுக்கு உள்ள தடை பணம் மட்டுமன்று, இடமே கிடைப்பதில்லை. மலைப்பகுதிக் கட்டட விதிகள் கடுமையானவை. உயரத்திற்கு 7 மீட்டர் என்ற வரம்பும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி நடைமுறையும் இருப்பதால், காலி மனையில் தகரக் கொட்டகை போட்டுக்கொள்ளலாம் என்ற சமவெளிப் பழக்கம் இங்கே செல்லாது. இருக்கும் கட்டடத்தைத்தான் வாடகைக்குப் பிடிக்க வேண்டும். மெயின் ரோட்டில் முகப்புள்ள கடை இத்தொழிலுக்குத் தேவையில்லை என்பதை நான் அழுத்திச் சொல்வேன். உள்ளடங்கிய தெருவில் ஒரு கார் நுழைந்து, நான்கு பக்கமும் ஆள் நடமாட இடமிருந்து, ஒழுகாத கூரையும் கதவும் இருந்தால் போதும். பழைய பங்களாக்களின் கார் ஷெட்டுகள் பார்க்க அழகாக இருக்கும். ஓட்டுக் கூரையிலிருந்து விழும் தூசியைத் தடுக்க உட்கூரை அடிக்காமல் அங்கே ஃபிலிம் வேலை செய்ய முடியாது.

இடம் என்று பார்த்தால் குன்னூர், வெலிங்டன், அருவங்காடு என்று அடுத்தடுத்து நீளும் பகுதியையே நான் தேர்வேன். வெலிங்டனிலுள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரிக்கு நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் அதிகாரிகள் குடும்பத்தோடும் காரோடும் வந்து, ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான படிப்பை முடித்துவிட்டு வேறிடம் போகிறார்கள். ஆண்டுதோறும் புதிதாக வரும் வாடிக்கையாளர் கூட்டம் என்பதால், ஒருவருக்குச் செய்த வேலையை மற்றவர் பார்த்துக் கேட்பது அங்கே வேகமாக நடக்கும். ஊரைவிட்டுக் கிளம்பும் முன் காரைச் சீராக்கிக்கொள்ள நினைப்பவர்களும் உண்டு. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பும் கேத்திப் பள்ளத்தாக்கின் ஊர்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. உதகையில் வாடகையும் கூடுதல், குளிரும் கூடுதல். சுற்றுலாப் பயணிகள் அங்கே குவிகிறார்களே என்று சிலர் சொல்வார்கள். இரண்டு நாள் தங்க வந்தவர் தம் காரை இரண்டு நாள் ஷெட்டில் விட மாட்டார். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும், 2025 ஏப்ரலில் நாள் ஒன்றுக்கு 6,000, வார இறுதியில் 8,000 என்ற வரம்பும் வந்ததைப் பார்க்கும்போது, அந்தக் கூட்டத்தை நம்பித் திட்டமிடாமல் இருப்பதே நல்லது. நம் வாடிக்கையாளர் இங்கேயே குடியிருப்பவர்.

மேட்டுப்பாளையத்தைப் பலர் யோசிப்பதே இல்லை, ஆனால் அது வலுவான போட்டியாளர். குன்னூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தூரத்தில், ஆண்டின் பெரும்பகுதி வெம்மையாகவே இருக்கும் அந்த ஊரில் ஃபிலிம் சொன்ன நாளில் காயும், பூச்சு சொன்ன நேரத்தில் இறுகும், ஹீட்டர் செலவும் இல்லை. மலைக்காரர்கள் கோவைக்கு மருத்துவமனைக்கோ கல்யாணத்துக்கோ இறங்கும் வழி அதுவே. புது கார் வாங்குபவர் கோவை ஷோரூமிலிருந்து ஓட்டி வரும்போது கடந்து வரும் ஊரும் அதுவே. ஷோரூமில் காரோடு சேர்த்துக் கோட்டிங்கையும் விற்றுவிடுகிறார்கள் என்பதால் புது கார் வாடிக்கையாளரைப் பிடிப்பது எங்கும் கடினம்தான், ஆனால் அடிவாரத்தில் அது ஓரளவு சாத்தியம். குறை என்னவென்றால், காரை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வீடு திரும்பி, மறுபடி இறங்கி வந்து எடுக்க வேண்டும் என்றால் மலைக்காரர் மனம் சலித்துவிடும். காரை வீட்டிலிருந்து எடுத்து வந்து திருப்பி விடும் ஓட்டுநர் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும். பிறருடைய காரை மலைப்பாதையில் ஓட்டும் பொறுப்பும் அதற்கான காப்பீட்டுக் கேள்வியும் அதோடு வரும். பிபிஎஃப்பையும் கண்ணாடி ஃபிலிமையும் முதன்மையாகச் செய்யத் தெரிந்த ஒருவர் என்னிடம் கேட்டால், மலைப்பற்றை ஒதுக்கிவைத்துவிட்டு மேட்டுப்பாளையத்தில் கடை போடுங்கள் என்றே சொல்வேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் வாடகையும் வண்டி விலையும் ஆளுக்கு ஆள் மாறும். சிறுதொழில்களுக்கான முத்ரா கடனில் கிஷோர் பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரையும் தருண் பிரிவில் 10 லட்சம் வரையும் கிடைக்கும். மானியத் திட்டங்களுக்கு உதகையிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்பது நல்லது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. கடன் வாங்கி வேனில் போட்ட பணம், வேன் மழையில் நிற்கும் மாதங்களிலும் தவணை கேட்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மலையிலேயே இருந்து, கோட்டிங்கையும் கண்ணாடிப் பூச்சையும் துண்டு பிபிஎஃப்பையும் செய்ய விரும்புபவருக்கு நான் சொல்வது ஷெட்தான், அதோடு பிற்பாடு ஒரு வேன். வேனுக்கு அப்போது வேலை வேறாகிவிடும். வீட்டுக்குப் போய்க் காரைப் பார்த்து விலை சொல்வது, மூடிய கார் ஷெட் உள்ள பங்களாவிலும் எஸ்டேட்டிலும் போய் வேலை செய்வது, டாக்ஸி ஸ்டாண்டில் காலை நேரத்தில் வரிசையாகக் கண்ணாடிகளுக்கு நீர் ஒட்டாப் பூச்சு இடுவது, பூசிய காரை மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்துக் கழுவிக் கொடுப்பது ஆகியவை அதற்குப் போதும். அடிப்பகுதித் துரு தடுப்புப் பூச்சுக்கு வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் வேண்டும் என்பதால், பக்கத்து மெக்கானிக் பட்டறையோடு பேசி அவர்கள் ஓய்வு நாளில் அதைச் செய்துகொள்ளலாம். மலையில் அதற்கு உண்மையான தேவை இருக்கிறது.

வாங்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சிறு மீட்டர் ஒன்று. வாடகைக்குப் பார்க்கும் ஒவ்வொரு ஷெட்டிலும் கதவை மூடி அதை ஓர் இரவு வைத்துவிட்டு, காலையிலும் பிற்பகல் நான்கு மணிக்கும் போய்ப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். மூடிய பிறகும் 80-க்குக் கீழே இறங்காத ஷெட்டில் ஒரு ஹீட்டரைப் போட்டு, இரண்டு மணி நேரத்தில் 60-க்கு வருகிறதா என்று சோதிக்க வேண்டும். வராவிட்டால் தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ ஈரம் ஏறுகிறது என்று பொருள், அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. இந்தச் சோதனையை ஜூலையிலோ நவம்பரிலோ செய்தால் ஷெட் தன் உண்மையான முகத்தைக் காட்டும். அதற்குப் பிறகு ஹீட்டர், நல்ல வெளிச்சம், பாலிஷ் மெஷின், ஒளி அளக்கும் மீட்டர். வேனை அடுத்து வரும் ஜனவரியில், பனி விலகிச் சாலை காயும் நேரத்தில் வாங்கினால் போதும். அதுவரை கண்ணாடிப் பூச்சுப் புட்டிகளையும் துணிகளையும் ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பையில் வைத்துக்கொண்டு டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய்வரலாம்.